ஆளுக்கு ஒரு அளவு

அக்கா யாருடைய முகத்தையும் முதலில் பார்க்க மாட்டார். தோளைத்தான் பார்ப்பார். கோயில் வாசலில் எதிரே வந்தால், நாம் வணக்கம் சொல்வதற்குள் அவர் கண் நம் இடது தோளில் ஏறி வலது தோளில் இறங்கி, கழுத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் முகத்துக்கு வரும். வந்ததும் சிரிப்பார். "என்னா தம்பி, போன மாசத்துக்கு இந்த மாசம் ஒரு சுத்து பெருத்துட்ட? தே தாரிக்கா?" என்பார். கெட்டிப் பால் ஊற்றி ஆற்றும் அந்த டீயை நான் விட்டபாடில்லை, கோயில் வாசலில் பொய்யும் சொல்லக்கூடாது என்பதால் நான் செருப்பைக் கழற்றுவதுபோல் குனிந்துகொள்வேன்.

கிள்ளானில், தாமான் என்று சொல்லும் எங்கள் குடியிருப்பில், எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. பெண்களுக்குச் சேலை ஜாக்கெட் தைப்பார். அளவு எடுக்கும் டேப் எந்நேரமும் கழுத்தில் தொங்கும். கல்யாணத்துக்கும் அப்படியே வருவார், சாவுக்கும் அப்படியே வருவார். ஒருமுறை திருவிழாவில் குருக்கள் சாமி மாலையை அவர் கழுத்தில் போட, மாலையும் டேப்பும் சிக்கிக்கொண்டு பிரிக்கவே முடியவில்லை. "முருகனுக்கும் அளவு எடுக்கணும்போல, பிடிச்சிக்கிட்டாரு" என்று சிரித்தார்.

யார் அளவையும் எழுதி வைத்ததில்லை. எல்லாம் தலைக்குள். சில பெண்கள் பழைய ஜாக்கெட்டைக் கொண்டுவந்து, "இதே அளவுக்குத் தைங்கக்கா" என்று கொடுப்பார்கள். தொடக்கூட மாட்டார். "இது போன வருஷத்து நீ. இந்த வருஷத்து நீ எங்க? இங்க வந்து நில்லு" என்பார். உடன்பிறந்த இருவர் ஒரே அளவு என்று சொல்லிக்கொண்டு வந்தால் இன்னும் மோசம். "ஒரே வயித்துல பொறந்தா? ஒரே தோளா? போங்கடி" என்று இருவரையும் தனித்தனியாக நிறுத்தி அளப்பார்.

இந்தக் குணம் ஜாக்கெட்டோடு நின்றிருந்தால் எங்கள் தாமான் நிம்மதியாக இருந்திருக்கும்.

அக்காவின் அம்மா கடைசிக் காலத்தில் அவரோடுதான் இருந்தார். அந்த அம்மாவுக்கு மறதி நோய். அல்சைமர் என்று டாக்டர்கள் சொல்கிறார்களே, அது. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் உதிர்ந்து, பெற்ற மகளே யார் என்று தெரியாமல் போயிற்று. ஆனால் தையல்காரி என்பது மட்டும் எப்படியோ தெரியும். காலையில் எழுந்ததும், "தையக்காரம்மா, என் ஜாக்கெட்ட எப்ப குடுப்ப?" என்று கேட்பார். அக்கா அன்றைக்கே தைத்துக் கொடுப்பார். மறுநாள் காலையில் மறுபடியும், "தையக்காரம்மா, என் ஜாக்கெட்டு?" அக்கா அதையே பிரித்து மறுபடி தைப்பார். அம்மாவின் காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் என் வீட்டுக்காரியிடம் சொன்னார்: "எங்கம்மா மாதிரி ஒரு கஸ்டமர் கெடைக்காதுலா. ஒரு நாளு கொறை சொன்னதில்ல." சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு டேப்பை விரலில் சுற்றிக்கொண்டே, "எனக்கும் இப்படி ஆயிடுமா?" என்றார். என் வீட்டுக்காரி திருநீறு எடுத்து அவர் நெற்றியில் பூசிவிட்டாள். எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

அந்தச் சமயத்தில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் மறதி நோயைப் பற்றி டாக்டர் ஒருவர் தமிழில் பேசப்போவதாகக் கேள்விப்பட்டோம். கொமுட்டர் ரயிலேறி மூவரும் போனோம். அக்கா பயத்தைத் தீர்த்துக்கொள்ளப் போனார், என் வீட்டுக்காரி அக்காவுக்குத் துணையாகப் போனாள். நான் போனது கூட்டம் முடிந்ததும் வாழை இலைச் சாப்பாடு உண்டு என்பதால். முருகனுக்குத் தெரியும்.

டாக்டர் சின்னப் பெண். எங்கள் மகள் வயதுதான் இருக்கும். கேள்வி கேட்கலாம் என்றதும் அக்கா கடைசி வரிசையிலிருந்து எழுந்தார். அக்கா பேசினால் மைக் தேவையில்லை.

"எங்கம்மாவுக்கு வந்துச்சு. எனக்கும் வருமா, வராதா? ஒத்த வார்த்தையில சொல்லுங்க."

"ஒத்த வார்த்தையில சொல்ல முடியாதே ஆன்டி" என்று அந்தப் பெண் முன்னால் நடந்து வந்தார். "அம்மாவுக்கு வந்திருந்தா வாய்ப்பு கொஞ்சம் கூட இருக்கலாம். ஆனா வந்தே தீரும்னு இல்ல. இது வராம தடுக்க எல்லாருக்கும் ஒரே மருந்துன்னு ஒன்னு கெடையாது. ஒருத்தருக்கு பிரஷர் குறைக்கணும், ஒருத்தருக்கு சர்க்கரை. ஒருத்தரு சிகரெட்ட விடணும். ஒருத்தருக்குத் தூக்கம் சரியில்ல, ஒருத்தருக்குக் காது சரியில்ல, ஒருத்தரு தனியா கெடந்து மனசு ஒடைஞ்சு போயிருப்பாங்க. ஒங்களுக்கு எங்க ஓட்டைன்னு பாத்து அத அடைக்கணும். பக்கத்து வீட்டுக்காரங்களுக்குச் சொன்னத நீங்க செஞ்சா பத்தாது."

அக்கா கழுத்திலிருந்த டேப்பை உருவி உயர்த்திக் காட்டினார்.

"அப்ப ஆளாளுக்கு அளவு எடுக்கணும்ங்கிறீங்க!"

மண்டபமே சிரித்தது. டாக்டரும் சிரித்தார். "ஆமா ஆன்டி. அதேதான்."

சும்மா இருந்த அம்மனுக்கு உடுக்கை அடித்தது போலாகிவிட்டது. வாழை இலையில் எனக்கு இரண்டாவது அப்பளம் வரும்போதே அக்கா தொடங்கிவிட்டார். "தம்பிக்கு சர்க்கரை. பாயாசம் வேணாம்னு சொல்லு." பரிமாறுகிற பையன் வாளியோடு என்னைக் கடந்து போன காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. திரும்பி வருகிற ரயிலில் பெட்டியில் இருந்த அத்தனை பேரையும் கண்ணாலேயே அளந்தார். எதிரில் தூங்கிக்கொண்டிருந்த மலாய்க்கார இளைஞனைக் காட்டி, "இவனுக்கு ராத்திரி தூக்கம் இல்ல, போன் நோண்டுறான்" என்றார். சத்தமாகச் சொன்னார். நல்லவேளை, அவனுக்குத் தமிழ் தெரியாது.

மறுநாளே தாமானில் வேலை ஆரம்பமாயிற்று. எனக்குக் கெட்டிப் பால் ஊற்றிய தே தாரிக் நின்றது, சாயங்காலம் பாடாங் திடலைச் சுற்றி நடை வந்தது. என் வீட்டுக்காரிக்கு பிரஷர். அவளுடைய உப்புக் கருவாட்டு டப்பாவை அக்கா கையோடு எடுத்துக்கொண்டு போனார். "அதைப் பாதுகாப்பா வச்சிருக்கேன்" என்றார். இரண்டு நாள் கழித்து அவர் வீட்டு அடுப்படியிலிருந்து கருவாட்டுக் குழம்பு வாசனை வந்தது. "எனக்குப் பிரஷர் இல்லலா, எனக்கு ஒன்னும் ஆவாது" என்றார். ஆளுக்கு ஒரு அளவாயிற்றே!

எதிர்வீட்டுச் சீனர் அங்கிளை நாங்கள் தௌகே, அதாவது முதலாளி, என்று கூப்பிடுவோம். காப்பார் பக்கம் தோட்டத்து ஓரத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் அவர் தமிழில் "நீங்க" கிடையாது, எல்லாருமே "நீ"தான். மனைவி போனபிறகு வாசல் நாற்காலியில் தனியாக உட்கார்ந்தே கிடந்தார். அக்கா போய் அவர் தோளைப் பார்த்தார். "தௌகே, ஒனக்கு சர்க்கரையும் இல்ல, பிரஷரும் இல்ல. ஒனக்கு ஆளு இல்ல. வெள்ளிக்கிழமை பஜனைக்கு வா" என்றார். அவர் வந்தார். ஒரு பை ஆரஞ்சைக் கொண்டுவந்து முருகன் முன்னால் வைத்து, "நீ சாப்பிட்டியா?" என்று விசாரித்தார். குருக்கள் ஒரு கணம் ஆடிப்போனார். எனக்கென்னவோ அவ்வளவு அன்பாக முருகனை யாரும் விசாரித்ததில்லை என்று தோன்றியது. அன்றைக்கு அவர் கையில் ஜால்ராவைக் கொடுத்தோம். அதற்குப் பிறகு அதை அவரிடமிருந்து வாங்க முடியவில்லை.

குருக்களையும் அக்கா விடவில்லை. அவர் பிறர் வீட்டுப் பூசைகளுக்கு மோட்டார் சைக்கிளில் போவார், தலையில் கவசம் இல்லாமல். குடுமி இருப்பதால் ஹெல்மெட் உள்ளே போகாதாம். "சாமி, தலையில அடிபட்டாலும் பின்னாடி மறதி வருமாம். ஒங்க தலைக்குள்ள எவ்ளோ மந்திரம் இருக்கு! ரோட்டுல கொட்டிப்போச்சுன்னா யாரு பொறுக்குறது?" என்று கேட்டு, அவரைக் கோயில் படியில் உட்காரவைத்துக் குடுமிக்கு அளவு எடுத்தார். பெரிய அளவு ஹெல்மெட் ஒன்று வாங்கிவரச் சொல்லி, உள் பஞ்சை வெட்டி, குடுமி உட்கார ஒரு குழி வைத்துப் பட்டுத் துணியில் தைத்துக் கொடுத்தார். அந்தக் குழி அவருக்கு அவ்வளவு சுகமாக அமைந்துவிட்டது. மோட்டாரை விட்டு இறங்கிய பிறகும் அதைக் கழற்ற மறந்துபோய் நிற்பார்.

இனி பஜனையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் தாமான் முருகன் கோயில் சின்னது. வெள்ளிக்கிழமை மாலையில் பத்துப் பேர் உட்கார்ந்து பாடுவோம். நான் ஆர்மோனியம். முறையாகப் படித்ததில்லை, ஆறாம் வகுப்போடு லோரி அட்டெண்டன்ட்டாகப் போனவன், பிறகு போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டினவன். காதால் கேட்டுக் கேட்டு விரல் பழகியது. முதல் அடி எப்போதும் அக்கா எடுப்பார். அவர்தான் மூத்தவர், சாமிக்குப் பட்டுத் துணி தைத்துக் கொடுப்பவரும் அவர்தான். அவர் குரலில் பக்திக்குக் குறைவே கிடையாது. சுருதிதான் கிடையாது. கிள்ளானில் ஏறி ஷா ஆலமில் இறங்கவேண்டிய பாட்டு, இரண்டாவது அடியிலேயே காப்பார் பக்கம் திரும்பிவிடும். நான் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடுவேன். அவர் எங்கே போய் நிற்கிறாரோ அங்கே கட்டையை மாற்றிப் பிடித்துக்கொடுப்பேன். முன்னால் போகிறவர் சிக்னல் போடாமல் திரும்பினால் எப்படி ஓட்டுவது என்று லோரிக்காரனுக்குச் சொல்லித்தரவா வேண்டும்? மற்றவர்கள் எல்லாம் என் ஆர்மோனியத்தைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். மூத்தவரிடம் போய், உங்கள் பாட்டு சரியில்லை என்று சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. சாமி குரலையா கேட்கிறார், மனசைத்தானே கேட்கிறார் என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டோம். மனசு சத்தமாகக் கேட்டது.

அந்தச் சத்தம் வரவர ஏறிக்கொண்டே போயிற்று. அவர் வீட்டு டிவி நாடகத்தில் மாமியார் அழுதால் எங்கள் வீட்டில் கண்ணீர் வரும். வாசல் கேட்டைத் தட்டித் தட்டிக் கை வலித்துப்போய்ப் பெண்கள் துணியைக் கேட்டிலேயே மாட்டிவிட்டுப் போவார்கள். "ஒரு வார்த்தை கூப்பிடக் கூடாதா?" என்று அக்கா அவர்களைத் திட்டுவார்.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம், தனக்கே ஒரு மஞ்சள் ஜாக்கெட் தைத்துக்கொள்ள அக்கா என் வீட்டுக்காரியைக் கூப்பிட்டார். எவ்வளவு பெரிய தையல்காரியானாலும் தன் முதுகுக்குத் தானே டேப் பிடிக்க முடியாது. நான் பலகாரத் தட்டோடு வாசற்படியில் நின்றேன். அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். என் வீட்டுக்காரி ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு டேப்பை வைத்துக்கொண்டே, பல நாளாக மனதில் வைத்திருந்ததை மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, கோவிச்சிக்காதீங்க. ஒங்களுக்குக் காது சரியா கேக்கலக்கா."

அக்கா பேசாமல் நின்றார். கோபித்துக்கொண்டார் என்று நான் தட்டோடு ஒரு படி கீழே இறங்கினேன்.

"அக்கா?" என்றாள் இவள், கொஞ்சம் உரக்க. "காதப் போயி காட்டலாம்க்கா."

அக்கா அப்படியே நின்றுகொண்டு, "என்னாடி, டேப்ப வச்சிக்கிட்டுத் தூங்குறியா? எவ்ளோன்னு சொல்லு" என்றார்.

என் வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். பிறகு டேப்பை விட்டுவிட்டு அக்காவுக்கு முன்னால் வந்து, அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அளவு இல்லக்கா, ரெண்டு தடவ வேற ஒன்னு சொன்னேன். ஒங்களுக்குக் கேக்கல."

அக்கா அவள் உதட்டைப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. மிஷின் பக்கத்து நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"எங்கம்மாவுக்கும் மொதல்ல காதுதான் போச்சு" என்றார். "வீம்பா இருக்குன்னு நெனச்சேன். கூப்புட்டா திரும்பாதுன்னு திட்டுவேன்." பிறகு, "அந்த டாக்டர் பொண்ணு காதுன்னும் சொல்லுச்சில்ல? நான் எல்லாருக்கும் பாத்தேன்" என்று டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

இருந்தாலும் காது மிஷின் என்றதும் மாட்டேன் என்றுவிட்டார். அது கிழவிகள் போடுவதாம். எழுபதைத் தாண்டியவர் சொன்னது இது. என் வீட்டுக்காரி விடவில்லை. "என் கருவாட்ட எடுத்துட்டுப் போனப்ப நான் ஏதாச்சும் சொன்னனா?" என்று கேட்டதும் அக்கா, "சரி, போவோம்" என்றார்.

அவர் சம்மதித்த அன்று மாலைதான் எங்களுக்கு வேறொரு பயம் பிடித்தது. கோயில் பின்புறம் செம்பருத்திச் செடிப் பக்கம் நான்கு பேர் கூடினோம். நான், என் வீட்டுக்காரி, தௌகே, ஹெல்மெட்டோடு குருக்கள்.

"மிஷின் போட்டா காது கேக்கும்" என்றாள் என் வீட்டுக்காரி. "கேட்டா அவங்க பாட்டும் அவங்களுக்குக் கேக்கும்."

அவளே தொடர்ந்தாள்.

"வெக்கப்பட்டுப் பாட்ட நிறுத்திருவாங்க. நிறுத்தினா பஜனைக்கே வரமாட்டாங்க. வீட்டுல தனியா உக்காந்துட்டா அதுவும் மூளைக்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாங்க. இந்தப் பக்கம் இழுத்தா அந்தப் பக்கம் தூக்குதே!"

"நான் சொல்றேன்லா" என்றார் தௌகே. "நீ பாடுறது நல்லா இல்ல, ஆனா நீ பாடு. அவ்ளோதான?"

"ஐயோ வேணாம் தௌகே!" என்று மூவரும் அவர் கையைப் பிடித்துக்கொண்டோம்.

குருக்கள் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, "சுப்ரமணியர் பார்த்துப்பார்" என்றார். அவர் பார்த்துக்கொள்வார்தான். இருந்தாலும் அவருக்கு உதவியாக நாங்களும் ஒரு யோசனை செய்தோம். ஆர்மோனியத்தை நான் முழு மூச்சாக வாசிக்க வேண்டும், தௌகே ஜால்ராவை இடித்துத் தள்ள வேண்டும், மற்றவர்கள் கையைத் தட்ட வேண்டும். அந்த இரைச்சலில் அக்காவின் குரல் அக்காவுக்கே கேட்காமல் போய்விடும். பெரிய ராணுவ யோசனை!

மறுபடியும் பிரிக்பீல்ட்ஸ். காதுக்கு மிஷின் வைக்கும் கடையில் ஒரு பெண் அக்காவைச் சின்ன அறைக்குள் உட்காரவைத்து, சத்தங்களை ஒவ்வொன்றாகக் கேட்கவைத்துப் பார்த்தார். வெளியே வந்தபோது அக்கா முகம் சுருங்கியிருந்தது. "எனக்கு வேணாம்லா, வா போவோம்" என்று என் வீட்டுக்காரியின் கையை இழுத்தார். அதற்குள் அந்தப் பெண் பிசைந்த மாவுபோல் இளஞ்சிவப்பாக ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஆன்டி, காதுக்கு அளவு எடுக்கணும்."

அக்கா கையை விட்டார். "என்னா எடுக்கணும்?"

"அளவு. ஒவ்வொருத்தர் காதும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். வேற யாரோடதும் ஒங்களுக்குப் பொருந்தாது. ஒங்க வலது காதுக்கு உள்ளது எடது காதுக்கே பொருந்தாது."

அக்கா நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். மாவு காதுக்குள் இறுகி வெளியே வந்ததும், இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நகைக்கடையில் தோடு பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடியே, இங்க பாரு! எடது பக்கம் கழுத்து எறக்கம் ஜாஸ்தி!" அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அக்கா உடனே அவர் தோளைப் பார்த்து, "ஒனக்கு ஒரு ஜாக்கெட்டு நான் தைக்கிறேன்மா. நீ எனக்கு, நான் ஒனக்கு" என்றார்.

"மிஷின் போட்டா மறதி வராதுல்ல?" என்று புறப்படும்போது கேட்டார்.

"உறுதி சொல்ல மாட்டேன் ஆன்டி. காது கேட்டா மூளைக்குச் சிரமம் கொறையும், நாலு பேரோட பேசுவீங்க. ஆபத்து கொறைய அது ஒதவலாம்."

"உறுதி சொன்னா நான் நம்பியிருக்க மாட்டேன்" என்றார் அக்கா.

மிஷின் தயாராகி, அதை மாட்டிக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்த அன்றைக்கு அவரைப் பிடிக்க முடியவில்லை. "யாரு காயிதத்தக் கசக்குறது?" என்றார். என் கையிலிருந்த முறுக்குப் பொட்டலம். தன் செருப்புச் சத்தத்துக்கே இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். ரயில் நிலையத்தில் படியேறும்போது, "தம்பி, ஒன் முட்டி கொடகொடங்குது" என்றார். எனக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை வந்தது. மஞ்சள் ஜாக்கெட், மல்லிகைப்பூ, காதில் மிஷின், கழுத்தில் டேப். அக்கா வழக்கம்போல் முதல் வரிசையில் உட்கார்ந்தார். நான் முருகனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, திட்டப்படி ஆர்மோனியத்தில் முழங்கையெல்லாம் வைத்து இறங்கினேன். தௌகே ஜால்ராவை இடித்தார், கோயில் புறாக்கள் எல்லாம் பறந்துபோயின.

அக்கா காதைப் பொத்திக்கொண்டார். "நிறுத்துங்கப்பா! இது பஜனையா, சண்டையா? காது கிழியுது! மெல்ல, மெல்ல. தம்பி, சுருதி மட்டும் புடி. தௌகே, நீ கைய மடில வையி."

திட்டம் அதோடு முடிந்தது. கோயிலில் விளக்குத் திரி பொரிகிற சத்தம் மட்டும்தான். நான் சுருதியைப் பிடித்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு முதல் அடியை எடுத்தார்.

முதல் அடி பரவாயில்லை. இரண்டாவது அடியில் வழக்கம்போல் சிக்னல் போடாமல் திரும்பினார். என் விரல் பழக்கத்தில் பின்னாலேயே ஓடியது. பாதி அடியில் அவர் கண் திறந்தது.

பாட்டு நின்றது. என் வீட்டுக்காரி சேலை முந்தானையைக் கடித்துக்கொண்டாள். அக்கா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். தோளைப் பார்க்கவில்லை, நேராக முகத்தைப் பார்த்தார்.

"தம்பி. இது நானா?"

நான் ஆர்மோனியக் கட்டைகளைப் பார்த்தேன்.

"எப்பவும் இப்படித்தானா?"

"நான் சொல்றேன்னு சொன்னேன்" என்றார் தௌகே. "இவங்கதான் வேணாம்னாங்க."

அக்கா முருகனைப் பார்த்தார். வாயில் கையை வைத்துக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து என் வீட்டுக்காரி எழுந்து ஓடினாள். அருகே போனதும்தான் தெரிந்தது. சிரிக்கிறார். சத்தமே வராத சிரிப்பு, பிறகு சத்தம் வந்தது, பிறகு கண்ணில் தண்ணீர் வந்தது. "முருகா, முருகா, எப்படிப்பா பொறுத்த? மயிலு கெடக்கட்டும், நீயாவது எறங்கி ஓடியிருக்கலாமே!" என்றார். அவ்வளவுதான். பத்துப் பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டோம். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து கற்பூரத் தட்டோடு ஓடிவந்த குருக்களின் தலையில் இன்னும் ஹெல்மெட் இருந்தது. அதைப் பார்த்ததும் அக்கா தரையிலேயே சாய்ந்துவிட்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்ததும் என்னிடம் கேட்டார்: "நான் அங்க இங்க ஓடுறப்பல்லாம் நீ கட்டைய மாத்தி மாத்திப் புடிச்சியா?"

"ஆமாக்கா."

"ஒவ்வொரு அடிக்குமா?"

"சில நேரம் அடிக்கு ரெண்டு தடவ."

அக்கா என் வீட்டுக்காரியிடம் திரும்பினார். "அடியே, ஒன் புருஷனுக்கு மறதி வராம இருக்கணும்னா இதவிட என்னா வேணும்? மூளைக்கு வேலை குடுக்கணும்னு சொன்னாங்களே, வாராவாரம் குடுத்திருக்கேன்! இவனுக்கு மருந்தே நாந்தான்!" பிறகு மல்லிகையைச் சரி செய்துகொண்டு, "தச்சது கோணலா இருந்தா பிரிச்சித் தைக்கலாம். எரிச்சிடவா முடியும்? புடி தம்பி சுருதிய" என்றார்.

பாடினார். பிரித்துத் தைத்தும் கோணல்தான். முன்பு கேட்காமல் தப்பாகப் பாடினார், பிறகு கேட்டுக்கொண்டே தப்பாகப் பாடினார். சத்தம் மட்டும் பாதியாகக் குறைந்தது. தடம் மாறும்போது அவருக்கே தெரியும். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார், நான் ஓடுவேன்.

இப்போது அக்கா இங்கே இல்லை. காஜாங்கில் இருக்கும் மகளுக்குக் குழந்தை பிறந்ததும் அங்கே போய்விட்டார். மறதி வருமா வராதா என்று இன்றைக்கும் யாராலும் சொல்ல முடியாது. போன தீபாவளிக்கு என் வீட்டுக்காரி போன் செய்து, "அக்கா, என் அளவு ஞாபகம் இருக்கா?" என்று பயந்துகொண்டே கேட்டாள். "போன வருஷத்து ஒன்ன எனக்குத் தெரியும். இந்த வருஷத்து நீ எங்க? பஸ் ஏறி வா" என்று பதில் வந்தது. இவள் போனை மார்பில் வைத்துக்கொண்டு பூசையறைக்குப் போய் விளக்கேற்றினாள்.

பஜனையில் இப்போது முறையாகச் சங்கீதம் படித்த ஒரு பெண் முதல் அடி எடுக்கிறாள். தேன் போன்ற குரல். ஏற வேண்டிய இடத்தில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தில் இறங்கும். என் விரலுக்கு வேலையே இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஆர்மோனியத்தின் மேலேயே தூங்கிவிட்டேன். தௌகே ஜால்ராவால் என் காதருகில் அடித்து எழுப்பினார்.

அன்றைக்கே காஜாங்குக்குப் போன் போட்டேன். "அக்கா, எனக்கு மருந்து தீந்துபோச்சு."

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. இப்போது வெள்ளிக்கிழமைதோறும் நான் கோயிலுக்குக் கிளம்புமுன் அவர் போன் வரும். வீட்டிலேயே போனை ஆர்மோனியத்தின் மேல் வைத்து ஸ்பீக்கரைப் போடுவேன். "ரெடியா? புடி பாப்போம்" என்பார். காஜாங்கில் ஏறுவார், எங்கே இறங்குவார் என்று அவருக்கும் தெரியாது, முருகனுக்கும் தெரியாது. நான் வியர்க்க வியர்க்கத் துரத்துவேன்.

போன வெள்ளிக்கிழமை பாட்டு நடுவில் சட்டென்று நிறுத்தினார்.

"தம்பி, மூச்சு வாங்குதே. இன்னிக்கு நடந்தியா?"

கேட்டைத் தட்டினால் கேட்காதவர், காஜாங்கிலிருந்து என் மூச்சைக் கேட்கிறார். "நடந்தேன்க்கா" என்றேன். அடுப்படியில் என் வீட்டுக்காரி சிரித்த சத்தம் அவருக்கு அங்கே கேட்டுவிட்டது.

"பொய்யி. ஆர்மோனியப் பெட்டிய மூடு. பாடாங்க ஒரு சுத்து சுத்திட்டு வா. நான் போன்லயே இருக்கேன், ரெண்டாவது பாட்டு அப்பறம்."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.